மூட்டைக்கு இரண்டு கிலோ

“மனுதாரரின் தாயார் திருமதி செல்லி, மலைவாழ் மக்களுக்கே உரிய கூச்ச சுபாவம் உடையவர். வெளியாருடன் பழகுவதைத் தவிர்ப்பவர். கேட்கப்பட்ட கேள்விகளுக்குத் தலைகுனிந்து ஓரிரு சொற்களில் மட்டுமே பதிலளித்தார் என விசாரணையில் கண்டறியப்பட்டது.”

அரசாங்கத்திடம் செல்லியைப் பற்றி இருக்கும் வர்ணனை இவ்வளவுதான். கீழே இரண்டு கையெழுத்தும் ஒரு வட்ட முத்திரையும் இருக்கின்றன.

இதை அரூரில் வாசித்துக் காட்டினால் டீக்கடைக்காரர் பால் பொங்குவதையும் மறந்து சிரிப்பார். செல்லி அங்கே ஒரு மண்டியில் ஏலம் கூவுகிறவள். பத்தரை மணிக்குச் சாமைக் குவியலுக்குப் பக்கத்தில் வந்து நின்று அவள் தொண்டையைச் செருமினால் சேலத்து வியாபாரி போனை வைத்துவிடுவார். திருவண்ணாமலைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவார். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களிடம் தெலுங்கிலும் ஓசூர் லாரிக்காரர்களிடம் கன்னடத்திலும் வம்பிழுப்பாள். வெளியாருடன் பழகுவதை அவள் வெள்ளிக்கிழமைகளில் தவிர்ப்பது உண்மைதான். அன்று மண்டிக்கு விடுமுறை.

எட்டு வருடத்துக்கு முன் சித்தேரி மலையிலிருந்து தன் வீட்டுச் சாமையைக் கொண்டு வந்தபோது, வழக்கமாகக் கூவுகிறவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. செல்லி தன் மூட்டைக்குத் தானே கூவினாள். குறையை முதலில் சொன்னாள். “ரெண்டு கல்லு இருக்குது. ஒரு மழ பட்டுருக்குது. மத்தபடி கொழந்தைக்குக் கஞ்சி வெக்கலாம்.” வியாபாரிகள் சிரித்தார்கள். வாங்கிக்கொண்டு போனவர் புடைத்துப் பார்த்தார். கல் இரண்டே இரண்டு. அடுத்த வாரமும் அவளே கூவட்டும் என்று வியாபாரிகளே கேட்டார்கள். மண்டி முதலாளி மாதேஸ்வரன் நல்ல மனிதர், அதாவது லாபம் வரும் திசையில் நல்லவர். அவளை நிரந்தரமாக்கினார்.

ஆனால் அதே மண்டியில் ‘மலைக்கழிவு’ என்று ஒன்று உண்டு. மலையாட்கள் கொண்டுவரும் சரக்கு ஈரமாக இருக்கும் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ குறைத்துக்கொள்வார்கள். நான்கு நாள் பாறையில் காயவைத்ததற்கும் அதே கழிவு. சமவெளியிலிருந்து கீழூர்க்காரர் மழையில் நனைத்துக் கொண்டுவந்ததற்குக் கழிவே இல்லை. ஒருமுறை செல்லி தன் சாமையில் மூன்று மூட்டையைக் கீழூர்ச் சிநேகிதி ராமக்காள் பேரில் இறக்கிப் பார்த்தாள். கழிவு விழவில்லை. அவளே கூவி, அவளே வாய்விட்டுச் சிரித்தாள். மாதேஸ்வரன் காரணம் கேட்டதற்கு, “தராசு ஆள எட போடுதுங்க மொதலாளி” என்றாள். அவர் தராசைத் துடைக்கச் சொன்னார்.

இப்படியாக, செல்லி மலைக்காரி என்பதில் அரூரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. தராசுக்கே தெரிந்த விஷயம். அவள் மகள் பிரியங்காவுக்கு அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர் வேலை கிடைத்தபோதுதான் முதல்முறையாக ஒரு சந்தேகம் எழுந்தது. பழங்குடிச் சான்றிதழ் இருந்தது. அதற்கு இன்னொரு சான்றிதழ் வேண்டும், அது மெய்தான் என்று வீட்டுக்கே வந்து விசாரித்துத் தரும் மெய்த்தன்மைச் சான்று. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேலை பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். இவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை; மலையை ஆள்வதால் அந்தப் பெயர் என்பார்கள். ஆள்வது என்னவோ வனத்துறை.

விசாரணைக்கு முந்தின நாள் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் காளியன் வந்தார். அவருக்கு அண்டை மலையிலிருந்து தகவல் வந்திருந்தது: விசாரணைப் பாரத்தில் பதினான்கு கேள்விகள், எல்லாவற்றிலும் பழமை தெரிய வேண்டும், முக்கியமாகக் கூச்சம் தெரிய வேண்டும்.

“ஏ செல்லி, நாளைக்கு நீ வாயத் தொறக்கக் கூடாது.”

“நாளெல்லாமா மாமா?”

“ஒரு மணி நேரம். அதுக்கே உசுரு போயிருமா ஒனக்கு?”

“மூச்சாச்சும் வுடலாமா?”

“மெதுவா வுடு. அப்புறம், காஞ்சிவரத்த மட்டும் எடுத்துறாத.”

காஞ்சிபுரம்தான் சிக்கல். முன்னொரு காலத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் காஞ்சிச் சீமையிலிருந்து சாமியைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து மலையேறினார்கள், ஆளுக்கொரு மலையாகப் பிரிந்தார்கள் என்று ஒரு பாட்டு இருக்கிறது. கல்யாணத்தில் பாடுவார்கள், திருவிழாவில் பாடுவார்கள், போதை ஏறினாலும் பாடுவார்கள். பெருமையான பாட்டு. ஆனால் நேற்றுவரை கீழே ஏர் ஓட்டியவன் இன்று ஏறி வந்து பழங்குடி ஆனான் என்று அதற்குப் பொருள். பாரத்தின் முதல் கேள்வியோ, “ஆதி முதல் இம்மலையிலேயே வசிப்பவரா?”

பிரியங்கா பிரிட்ஜின் மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, “ம்மா, ஒரே ஒரு மணி நேரம்” என்றாள்.

*

அரூர் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்தவன் பெயர் தமிழ்ச்செல்வன். முப்பத்துநாலு வயது, தோளில் பை, பஸ்ஸில் வந்திருந்தான். மலைச்சாலையில் ஏறும் பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள். வளைவுகள் தாலாட்டுகிற மாதிரிதான் போட்டிருக்கிறார்கள். அவனும் தூங்கியிருந்தான். இறங்கியபோது, கனவிலிருந்து இறங்கினேனா கனவுக்குள் இறங்கினேனா என்று தெரியாதவன்போல நின்றான். கார்த்திகை மாதத்து வெயில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் இருந்தது. கேழ்வரகுத் தாளில் சேவல் ஒன்று மிக மெதுவாக நடந்தது.

அவனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். யார் முகத்தையும் அவன் பார்க்கவில்லை. பாரத்தைப் பார்த்துக் கேட்டான், பாரத்தைப் பார்த்தே காத்திருந்தான்.

“ஆதி முதல் இம்மலையிலேயே வசிப்பவருங்களா?”

செல்லி சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தாள்.

“உங்க தெய்வத்துக்குக் கோபுரம் உண்டுங்களா?”

செல்லி பல்லியின் வாலைப் பார்த்தாள். காளியன் குறுக்கே விழுந்து, “கோபுரமெல்லாம் கெடையாதுங்க சார்” என்றார். அந்த வருடம்தான் அவர் தலைமையில் கரியராமர் கோயில் கோபுரத்துக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

“தாயார்தாங்க சொல்லணும்” என்றான் தமிழ்ச்செல்வன், பாரத்திடம்.

போர்வைக்குள் பிரிட்ஜ் உறுமியது. அவன் திடுக்கிட்டான். “உள்ள யாராச்சும் படுத்திருக்காங்களா?”

“ஒண்ணுமில்லீங்க. அது பாட்டுக்கு இருக்குங்க” என்றார் காளியன்.

நாற்பது நிமிடத்தில் பதினான்கு கேள்விகளும் முடிந்தன. கூச்சம் பற்றிய ஒரு கட்டத்தில் மட்டும் டிக் விழுந்தது. மற்றதெல்லாம் வெறுமை. கூச்சத்தின் கஷ்டம் இதுதான்: அது முழுமையாக இருந்தால் வேறு எதையும் நிரூபிக்க முடியாது.

அப்போது மலையை மூடும் மேகமான மஞ்சு இறங்கியது. சித்தேரியில் அது வந்துவிட்டுப் போகிற விருந்தாளி அல்ல. கேட்காமல் உள்ளே வந்து உட்காரும் பங்காளி. முதலில் எதிர்மலை போயிற்று. பிறகு புளியமரம், சேவல், வாசல், காளியனின் மீசை. கரண்டும் போயிற்று. பிரிட்ஜ் மூச்சை விட்டது. மேகம் கலையும்வரை பஸ் எடுக்க முடியாது என்று டிரைவர் குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

வெள்ளைக்குள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முகம் இல்லை, சட்டை இல்லை, யார் நாற்காலியில் யார் தரையில் என்பதும் இல்லை. ஒரு மணி நேரமும் முடிந்திருந்தது. செல்லி தொண்டையைச் செருமினாள்.

“சாருக்கு எந்த ஊருங்க?”

“தீர்த்தமலப் பக்கங்க, கீழூருதான்.” அவன் குரல் புதிதாக இருந்தது. முகங்கள் மறைந்ததும் அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது.

“ஆதியிலேர்ந்தே அங்கதானுங்களா?”

“ஆமாங்க. எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலேர்ந்து வேற ஊரே தெரியாதுங்க.”

“கொலதெய்வத்துக்குக் கோபுரம்?”

“இல்லீங்க. வேப்பமரத்தடியில கல்லு. கூர போட்டா சாமிக்கு ஆகாதும்பாங்க.”

“செத்தா பொதைக்கிறதா, எரிக்கிறதா?”

“பொதைக்கிறதுங்க. கால் தெக்கால.”

“காட்டுல கெடைக்கிறது எதாச்சும் தின்னுருக்கீங்களா, இல்ல ஆபீஸர் வயிறா?”

அவன் சிரித்தான். “எங்காத்தா காரைப்பழம், களாப்பழம்னு மடியில கட்டியாரும். பஞ்சத்துல கெழங்கு தோண்டித் தின்னோம்னு எங்கப்பா சொல்லும்.”

“பல்லி கத்துனா?”

“நின்னுட்டுதாங்க கெளம்புவேன். இன்னிக்கும் நின்னேன்.”

“கண்ணாலத்துக்குப் போனா ஜனங்களோட கலந்து பேசுவீங்களா?”

மஞ்சுக்குள் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும் சத்தம் கேட்டது.

“போன மாசம் கூட வேலை செய்யறவரு கண்ணாலங்க. போனேன். சாப்புட யாரும் கூப்புடல. எப்பிடிப் போய் உக்கார்றதுன்னு தெரியல. மொய்க் கவரப் பாக்கெட்லயே வச்சுக்கினு வந்துட்டேன்.”

“அட என் ராசா” என்றாள் செல்லி. “கூச்சம்னா இதுதான்யா கூச்சம்.”

இப்படிப் பதினான்கும் கேட்டாள், ஏலத்தில் விலை ஏற்றுகிற அதே தாளத்தில். காதில் விழுவதைப் பார்க்காமலே எழுதுவது தமிழ்ச்செல்வனின் கைப்பழக்கம். வாய் பதில் சொல்லிக்கொண்டிருந்தது, கை எழுதிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு மஞ்சு விலகியது. வாசல் வந்தது, சேவல் வந்தது, பிரிட்ஜ் மறுபடி உறுமியது. தமிழ்ச்செல்வன் பாரத்தைப் பார்த்தான். ஒரு கட்டம் கூடக் காலியில்லை. காளியன் அவன் தோளுக்குப் பின்னால் நின்று விரல் வைத்துப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

“சார், எல்லாமே சரியா வந்திருக்குதே! ஆதிகாலம், கோபுரமில்ல, பொதைக்கிறது, கெழங்கு. இதுக்கு மேல ஒரு பழங்குடி என்னாத்த சார் சொல்றது?”

“இது... நான் சொன்னதுங்க” என்றான் தமிழ்ச்செல்வன். காது சிவந்துவிட்டது.

விசாரிக்க வந்தவன் தேறிவிட்டான். விசாரிக்கப்பட்டவளுக்கு மதிப்பெண்ணே இல்லை.

வரிசை எண் போட்ட பாரம், கோப்புக்கு ஒன்றுதான். அடித்தல் திருத்தல் இருந்தால் மேலே கேள்வி கேட்பார்கள். தமிழ்ச்செல்வன் பையின் வாரை முறுக்கினான். “இதையே அனுப்பிடறேன்ங்க. பாஸாயிடும். நாளைக்கு ஆபீஸ்ல வந்து கையெழுத்து மட்டும் போட்டுருங்க.” செல்லியிடம்தான் சொன்னான் என்றாலும் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துச் சொன்னான்.

அவன் போனதும் காளியன் போர்வையை உருவி மடித்தார். “கரியராமரே வந்து எழுதுனாப்பல இருக்குது” என்றார். பிரியங்கா அம்மாவின் அருகில் உட்கார்ந்தாள்.

“கையெழுத்துப் போட்டுட்டு வந்துரும்மா. இன்னும் இருபத்தேழு நாளுதான் இருக்குது. நீ அங்க பேசவே வேணாம்.”

“பேசல” என்றாள் செல்லி.

*

மறுநாள் காலை பஸ்ஸில் அவளும் தூங்கினாள். கனவில் மண்டி இருந்தது, ஆனால் கூரை இல்லை. அவள் ஒரு மூட்டையைக் கவிழ்த்தாள். சாமைக்குப் பதிலாக மஞ்சு கொட்டியது. குவியலாக நின்றது. வியாபாரிகள் கை விட்டு அள்ளி அள்ளிப் பார்த்தார்கள். இது மலை மஞ்சா, கீழூர் மஞ்சா என்று கேட்டார்கள். தெரிந்தால்தானே கழிவு போட முடியும். அவள் குறையை முதலில் சொல்ல வாயைத் திறந்தாள். என்ன குறை என்று நினைவுக்கு வரவில்லை. மாதேஸ்வரன் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தட்டில் மஞ்சு ஏறியது, இறங்கியது, முள் அசையவேயில்லை. குவியலின் நடுவில் பிரியங்கா வெள்ளைக் கோட்டுடன் உட்கார்ந்து மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். எடை போடாதீங்க, எம்புள்ள உள்ள இருக்குது என்று செல்லி கூவினாள். அதையும் யாரோ ஒரு விலை என்று எடுத்துக்கொண்டு மேலே கேட்டார்கள்.

கண்டக்டர் எழுப்பியபோது அரூர் வந்திருந்தது.

அலுவலகத்தில் தமிழ்ச்செல்வன் பாரத்தை அவள் பக்கம் திருப்பி, பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தான். செல்லி வாங்கினாள். கையெழுத்துப் போடும் இடம் வரைக்கும் விரல் போயிற்று. அங்கேயே நின்றது.

“சார், இத அடிச்சிருங்க.”

“ஏங்க? பாஸாகுற பாரங்க இது.”

“சாமை நல்ல சாமைதான். மூட்ட எங்களுது இல்ல.”

“யாருக்கும் தெரியாதுங்க.”

“இன்னிக்குத் தெரியாது. பத்து வருசம் கழிச்சு எவனாச்சும் மூட்டையப் பிரிப்பான். எம்பொண்ணு அப்ப ரெண்டு புள்ளையோட நின்னுக்கினு பதில் சொல்லணும். எட்டு வருசமா நான் கல்லு இருந்தா கல்லு இருக்குதுன்னு சொல்லிக் கூவிக்கினு இருக்கேன் சார். எம்மூட்டைக்கு மாத்திக் கூவுனா தொண்ட நிக்காது.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டு நாளில் அதுதான் முதல் தடவை. பிறகு சிவப்பு மையால் தன் ஊரை, தன் வேப்பமரத்தை, தன் ஆத்தாளின் மடியை, தான் சாப்பிடாமல் வந்த கல்யாணத்தை ஒவ்வொன்றாக அடித்தான். ஓரத்தில் இடம் இருந்தது.

“ஆதி முதல்...?”

“இல்லீங்க. காஞ்சிவரத்துலேர்ந்து வந்தோம்னு பாட்டு இருக்குது. மூணு அண்ணந்தம்பிங்க. மல ஏறுனாங்க.”

“அப்ப எப்பங்க மலையாளி ஆனீங்க?”

“ஏறுன அன்னிக்குக் கூட ஆயிருக்க மாட்டோம். எதையாச்சும் விக்க மொத மொதல்ல கீழ எறங்குனோம் பாருங்க, அன்னிக்குத்தான் ஆயிருப்போம். பாத்தவன்தான பேரு வெப்பான்?”

கோபுரம்? நீலப் பெயின்ட். இறப்பு? கல்யாணமானவர்களை எரிக்கிறார்கள், மழையென்றால் புதைக்கிறார்கள். உணவு? பிரிட்ஜில் வைத்தது. கூச்சம்? அந்தக் கட்டத்தின் டிக்கை அடிக்கும்போது தமிழ்ச்செல்வனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த அறையில் அவன் சிரித்து அவர் கேட்டதில்லை.

கடைசிக் கேள்வி, பிற சமூகத்தாரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் தனித்தன்மை.

செல்லி இதற்கு மட்டும் யோசித்தாள்.

“மூட்டைக்கு ரெண்டு கிலோ” என்றாள்.

“புரியலீங்க.”

அவள் சொன்னாள். மலைக்கழிவு, பாறையில் காய்ந்த சாமை, ராமக்காள் பேரில் இறங்கிய மூன்று மூட்டை. “எங்களையும் அவங்களையும் பிரிக்கிறது இது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். கலர்ல தெரியல, பேச்சுல தெரியல, சாமியில தெரியல. தராசுல மட்டும் தெரியுது. மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிக்கும்போது எந்த ஆபீசும் வந்து விசாரிக்கல சார், நாங்க மெய்யாலுமே மலையாளுங்கதானான்னு.”

தமிழ்ச்செல்வன் அதை அப்படியே எழுதினான். கட்டம் போதவில்லை, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினான். அந்த எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

அன்று மாலை பிரியங்கா இதைக் கேட்டுவிட்டுச் சோறு தின்னாமல் படுத்தாள். காளியன் பதினைந்து நாள் செல்லியோடு பேசவில்லை. அவளும் பழக்கமில்லாமல் திண்டாடிப்போனாள். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது உத்தரவு வந்தது: மெய்த்தன்மை ஏற்கப்பட்டது. காரணமாக, மேலே படித்த அந்த மூன்று வாக்கியங்கள். மேலிடத்தில் யாரோ பழைய கோப்பிலிருந்து வழக்கமான வாசகத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பாரத்தை அவர்கள் படித்தார்களா, பின்பக்கம் திருப்பினார்களா என்பதற்கு ஆதாரம் இல்லை. பிரியங்கா வேலையில் சேர்ந்துவிட்டாள். மலைக்கழிவு இப்போதும் இரண்டு கிலோ.

உத்தரவில் இருப்பது அரசாங்கத்தின் செல்லி. அந்தக் காலையில் செல்லி செய்தது இது: மகளின் வேலைக்குப் போதுமாயிருந்த இன்னொருவர் பதில்களை அடிக்கச் சொன்னாள், தன் பதில்களைச் சொன்னாள், கீழே கையெழுத்துப் போட்டாள், பத்தரை மணி ஏலத்துக்குப் போனாள்.